'அப்பாகிட்ட நீ சொல்லும்மா!' - மகனைப் போருக்கு அனுப்பிய தாய், 18 வருடங்கள் சுமந்த கல் சிற்பம்

நீங்களும் ஒரு முறையாவது இதைச் செய்திருப்பீர்கள். பைக் வாங்கணும், ஃப்ரெண்ட்ஸோட டூர் போகணும், வெளியூர் காலேஜ்ல சேரணும்... அப்பா 'முடியாது' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அடுத்து நேராக எங்கே போவோம்? கிச்சனுக்குத்தான். "அம்மா, அப்பாகிட்ட நீ கொஞ்சம் சொல்லும்மா!" அம்மாவும் சொல்வார். அப்பாவும் ஒருவழியாக இறங்கி வருவார்.

1914 ஆகஸ்ட்டில், ஜெர்மனியின் பெர்லின் நகரத்து வீடு ஒன்றிலும் இதேதான் நடந்தது. பையனின் பெயர் பீட்டர், வயது 18. அவன் கேட்டது பைக் அல்ல, ராணுவத்தில் சேர அனுமதி. முதல் உலகப்போர் அப்போதுதான் தொடங்கியிருந்தது. நாடு முழுக்க உற்சாகம். அண்ணன் ஹான்ஸ் ஏற்கெனவே சேர்ந்துவிட்டான். பீட்டருக்கு 21 வயது ஆகவில்லை என்பதால் அப்பாவின் சம்மதம் இல்லாமல் சேர முடியாது. அப்பா மறுத்தார். 'உன் வயசுப் பசங்களை இன்னும் நாடு கூப்பிடவே இல்லையே' என்பது அவர் வாதம். பீட்டர் அம்மாவைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குப் புரிந்தது. எழுந்து, கணவரிடம் மகனுக்காகக் கெஞ்சினார். அப்பா சம்மதித்தார்.

அக்டோபரில் பீட்டர் பெல்ஜியம் போர்முனைக்குக் கிளம்பினான். அதே மாதம், டிக்ஸ்முய்டே என்ற ஊருக்கு அருகே கொல்லப்பட்டான். மாதம் முடிவதற்குள் வீட்டுக்குச் செய்தி வந்துவிட்டது.

அந்த அம்மாவின் பெயர் கேத்தே கோல்விட்ஸ். அப்போது அவருக்கு வயது 47. மகனுக்காக ஒரு சிற்பம் செய்ய வேண்டும் என்று சில வாரங்களிலேயே முடிவு செய்தார். அது கல்லாகி, மகனின் கல்லறைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 65.

ஒரு சிற்பத்துக்கு ஏன் 18 வருடங்கள்? அதைப் புரிந்துகொண்டால், போரில் தனக்கு நடந்ததை ஒரு மனிதர் கல்லில் எப்படிச் சொல்கிறார் என்பதும் புரிந்துவிடும்.

யார் இந்த கேத்தே?

1867-ல் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். அந்த ஊர் இன்று ரஷ்யாவில் கலினின்கிராட் என்ற பெயரில் இருக்கிறது. கணவர் கார்ல், டாக்டர். பெர்லினில் தொழிலாளர்கள் நிறைந்த பகுதியில் கிளினிக் வைத்திருந்தார். அங்கே வந்துபோன ஏழைப் பெண்கள், நோய், பசி, வேலையில்லாத் திண்டாட்டம் எல்லாம் கேத்தேயின் ஓவியங்களில் வந்தன. நெசவாளர்களின் எழுச்சியை வைத்து அவர் செய்த அச்சோவியத் தொடர்தான் அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக்கொடுத்தது.

அதாவது, அடிப்படையில் அவர் பேப்பரில் வேலை செய்பவர். சிற்பக்கலையின் அடிப்படைகளை 1904-ல் பாரிஸில் கற்றுக்கொண்டார். புகழ்பெற்ற சிற்பி ரோடானையும் அப்போது சந்தித்தார். ஆனாலும் கல்லில் பெரிய நினைவுச்சின்னம் என்பது அவருக்குப் புது வேலைதான்.

முதல் டிசைனில் மகன் இருந்தான்

1914 டிசம்பரில் அவர் டைரியில் எழுதி வைத்த திட்டம் இது: பீட்டர் நீட்டிப் படுத்திருப்பான். தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா. பெர்லினில் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் ஒரு மேட்டில் அதை வைக்க வேண்டும். பீட்டருக்காக மட்டுமல்ல, தானாக முன்வந்து போருக்குப் போய் உயிரைவிட்ட எல்லா இளைஞர்களுக்குமான நினைவுச்சின்னமாக அது இருக்க வேண்டும்.

யோசித்துப்பாருங்கள். மகன் போன சில வாரங்களில் எந்த அம்மாவும் இப்படித்தானே நினைப்பார்? 'என் பையன் பெரிய விஷயத்துக்காக உயிரைக் கொடுத்தான். ஊர் அதைப் பார்க்கணும்.'

வேலையைத் தொடங்கினார். செய்வதும் மாற்றுவதுமாக வருடங்கள் ஓடின. பீட்டரின் அறையை அவன் விட்டுப்போனபடியே வைத்திருந்தார். ஆனால் வெளியே போர் முடிகிற மாதிரி இல்லை. மேலும் மேலும் பசங்க செத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய நம்பிக்கை ஆட ஆரம்பித்தது.

சிக்கல் இங்கேதான். 'இந்தப் போரே பைத்தியக்காரத்தனம்' என்று இப்போது அவருக்குத் தோன்றுகிறது. அதை வெளியே சொன்னால், அதற்காகவே உயிரைவிட்ட மகனுக்குச் செய்யும் துரோகம் ஆகிவிடாதா? 1916-ல் டைரியில் பீட்டரிடமே இந்தக் கேள்வியைக் கேட்கிறார். இன்னொரு பக்கம், 'நான் அன்னிக்கு அவருகிட்ட கெஞ்சாம இருந்திருந்தா...' என்ற குற்ற உணர்ச்சி.

வீரச்சாவு என்று கல்லில் எழுதினால் அது பொய். வீண் சாவு என்று எழுதினால் மகனை அவமதித்தது மாதிரி. கை எப்படி ஓடும்? 1919-ல் சிற்பத்தை ஒதுக்கி வைத்தார். திரும்ப வருவேன் என்று டைரியில் எழுதிவிட்டுத்தான் ஒதுக்கினார்.

இடைவேளையில் நடந்தது

சிற்பம் நின்றதே தவிர, கேத்தே சும்மா இருக்கவில்லை. அதற்கு முன்பே, 1918 அக்டோபரில், போரின் கடைசிக் கட்டத்தில், கவிஞர் ஒருவர் 'முடிந்தவர்கள் எல்லாரும் போருக்கு வாருங்கள்' என்று பகிரங்கமாக அழைப்பு விடுத்தார். கேத்தே பத்திரிகையிலேயே அவருக்குப் பதில் எழுதினார். செத்தவர்கள் போதும், இனி ஒருவர்கூடச் சாகக் கூடாது என்பதுதான் அதன் சாரம். நாலு வருடங்களுக்கு முன் மகனுக்காகக் கணவரிடம் கெஞ்சிய அதே பெண்தான் இதை எழுதினார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பிறகு மரக்கட்டையில் செதுக்கி அச்சடிக்கும் முறையில், 'போர்' என்ற தலைப்பில் ஏழு படங்கள் செய்தார். 1920-களின் தொடக்கத்தில் வந்தவை இவை. ஏழிலும் ஒரு போர்க்களம்கூடக் கிடையாது. துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை. முதல் படத்தில் ஒரு தாய், கைக்குழந்தையைத் தானே தூக்கிக்கொடுக்கிறாள். அதன் தலைப்பு 'பலி'. இரண்டாவது படத்தில் மரணம் முரசடித்தபடி முன்னே போக, இளைஞர்கள் மயக்கத்தில் இருப்பவர்கள்போலப் பின்னாலேயே போகிறார்கள். மரணத்துக்குப் பக்கத்தில் போகிறவன் பீட்டர்.

டைரியில் கேட்க முடிந்ததை, பேப்பரில் சொல்லிவிட்டார். கல்லில் சொல்வதுதான் பாக்கி.

மகனை எடுத்துவிட்டார்

1920-களின் நடுவில் மறுபடியும் சிற்பத்துக்குத் திரும்பினார். இந்த முறை பெரிய மாற்றம் ஒன்று இருந்தது. படுத்திருந்த மகன் இல்லை. அப்பாவும் அம்மாவும் மட்டும்.

இந்த ஒரு முடிவில்தான் சிற்பம் திறந்துகொண்டது என்று தோன்றுகிறது. மகனின் உடல் இருக்கும் வரை பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். அவன் வீரனா, பலியாடா என்ற கேள்விதான் வரும். மகனை எடுத்துவிட்டால், மிஞ்சுவது அனுப்பி வைத்தவர்கள். கேத்தேக்கு உண்மையாகத் தெரிந்த கதையும் அதுதானே! போர்க்களத்தை அவர் பார்த்ததில்லை. அனுமதி கொடுத்த அந்த நாள், செய்தி வந்த அந்த நாள், அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நாளும்தான் அவருடைய போர் அனுபவம்.

1926-ல் கணவரோடு பெல்ஜியம் போய், பீட்டர் புதைக்கப்பட்டிருந்த கல்லறைத் தோட்டத்தைப் பார்த்து, சிற்பத்துக்கான இடத்தையும் முடிவு செய்தார். பெர்லின் மேட்டில் ஊர் பார்க்கும் நினைவுச்சின்னம் என்ற பழைய திட்டம் போய், மகன் இருக்கும் இடத்துக்கே அப்பாவும் அம்மாவும் போவது என்று ஆனது.

சிற்பத்தில் என்ன இருக்கிறது?

இரண்டு உருவங்கள், இரண்டு தனித்தனி பீடங்கள். இரண்டு பேரும் மண்டியிட்டிருக்கிறார்கள்.

அப்பா முதுகை நேராக வைத்திருக்கிறார். இரண்டு கைகளாலும் தன் உடம்பையே இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். விட்டால் உடைந்துவிடுவேன் என்பதுபோல. முகம் உறைந்திருக்கிறது. கண்ணீர் இல்லை. 'ஆம்பளை அழக் கூடாது' என்று வளர்க்கப்பட்ட ஓர் அப்பா உங்கள் வீட்டிலும் இருந்தால், இந்தத் தோரணையை நீங்கள் எங்கேயோ பார்த்திருப்பீர்கள்.

அம்மா அப்படியில்லை. மொத்த உடம்பும் முன்னால் வளைந்திருக்கிறது. தலை குனிந்து, போர்வை போன்ற உடைக்குள் ஒடுங்கியிருக்கிறார்.

இருவரும் ஒருவரை ஒருவர் தொடவில்லை, பார்க்கவும் இல்லை. நடுவில் இடைவெளி. ஒரே வீட்டில், ஒரே பிள்ளையை இழந்தாலும் ஆளாளுக்குத் தனியாகத்தான் அழ வேண்டியிருக்கிறது. ஆறுதலாகக் கட்டிக்கொள்வதுபோல ஒரே கல்லில் செய்திருக்கலாம். பார்ப்பவருக்கு அது நிம்மதியாகவும் இருந்திருக்கும். கேத்தே அந்த நிம்மதியைத் தரவில்லை.

முக்கியமான இன்னொன்று, மண்டியிடுவது. போர் நினைவுச்சின்னம் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? உயரமான பீடம், நிமிர்ந்த சிப்பாய், கையில் ஆயுதம், கீழே நின்று நாம் அண்ணாந்து பார்ப்போம். இங்கே பெரியவர்கள் சின்னவர்கள் முன் மண்டியிட்டிருக்கிறார்கள். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கும் ஒரு தலைமுறை என்று பலரும் இதைப் பார்க்கிறார்கள். எந்த நாடு, எந்த மன்னர், எதற்காகப் போர் என்ற எதுவும் சிற்பத்தில் இல்லை.

சரி, ஏன் கல்?

களிமண்ணில் நினைத்தால் சேர்க்கலாம், நினைத்தால் பிய்க்கலாம். கல்லில் எடுக்கத்தான் முடியும். ஒரு முறை உளி பட்டுத் தெறித்த துண்டை ஒட்டவைக்க முடியாது. அதனால் பெரிய கல் சிற்பத்தை முதலில் களிமண்ணிலும் பிளாஸ்டரிலும் செய்து, திருத்தி, 'இதுதான்' என்று உறுதியான பிறகே கல்லுக்குப் போவார்கள். கேத்தேயும் அப்படித்தான். அவர் பிளாஸ்டரில் முடித்த மாதிரிகளைப் பார்த்து, கல் வேலை தெரிந்த இரண்டு சிற்பிகள் கிரானைட்டில் செதுக்கினார்கள்.

கல்லுக்கு இன்னொரு குணமும் உண்டு. நீட்டிய கை, மெல்லிய விரல், காற்றில் பறக்கும் துணி எல்லாம் கல்லில் சீக்கிரம் உடையும். கை உடம்போடு ஒட்டி, தலை தோளோடு சேர்ந்து, உருவம் ஒரே திரளாக இருந்தால் நிற்கும். அதிலும் கிரானைட் மகா கடினம். நுணுக்கமான அலங்காரத்துக்கு எளிதில் இடம் கொடுக்காது.

இப்போது துக்கத்தில் இருக்கும் ஒருவரை நினைத்துப்பாருங்கள். கைகளைக் கட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, ஒரு மூட்டைபோல உட்கார்ந்திருப்பார். துக்கம் உடம்பை என்ன செய்கிறதோ, அதையேதான் கல்லும் கேட்கிறது. கேத்தேயின் சிற்பத்தில் உடையின் மடிப்புகள்கூட அதிகம் இல்லை. எல்லாம் கனமாக, எளிமையாக இருக்கும். கார்லும் கேத்தேயும் கல்லுக்குள் மாட்டிக்கொண்டவர்கள்போலத் தெரிவது அதனால்தான்.

தன் முகத்தைத் தானே தடவிக்கொடுத்த நாள்

அப்பா உருவத்தில் கார்லின் சாயல். அம்மா உருவத்தில் கேத்தேயின் சாயல். 1932 ஜூலையில் இரண்டு சிற்பங்களும் பெல்ஜியம் போய், பீட்டர் இருந்த கல்லறைத் தோட்டத்தில் நிறுவப்பட்டன. கேத்தேயும் கார்லும் நேரில் போனார்கள்.

அன்று நடந்ததை டைரியில் எழுதியிருக்கிறார். அம்மா சிலையின் முன்னால் நின்று பார்க்கிறார். எதிரில் தன்னுடைய முகம். அழுதுகொண்டே அந்தக் கல்லின் கன்னத்தைத் தடவிக்கொடுக்கிறார். கார்ல் பின்னால் நிற்கிறார்.

18 வருடங்களாக மகனுக்காகச் செய்த சிற்பம். கடைசியில் அவர் ஆறுதல் சொன்னது, அதிலிருந்த அம்மாவுக்கு!

இதோடு 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று முடிக்க முடியாது. அடுத்த வருடமே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். நாஜிகளுக்கு எதிரான ஒற்றுமை அறிக்கையில் கையெழுத்துப் போட்டதால், கேத்தே பிரஷ்யக் கலை அகாடமியிலிருந்து விலக வேண்டிவந்தது. 1919-ல் அந்த அகாடமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பேராசிரியர் பட்டமும் பெற்றவர் அவர். பிறகு அவருடைய படைப்புகளைக் காட்சிக்கு வைக்கவும் தடை. 1940-ல் கார்ல் இறந்தார். ஹான்ஸ் தன் மகனுக்குத் தம்பியின் ஞாபகமாக பீட்டர் என்றே பெயர் வைத்திருந்தார். அந்தப் பேரன் பீட்டரும் 1942-ல் ரஷ்யப் போர்முனையில் இறந்துபோனான்.

அந்தப் போர்க்காலத்தில் கேத்தே ஒரு படம் வரைந்தார். ஒரு வயதான தாய், பசங்களைத் தன் கைகளுக்குள் இழுத்து அமுக்கி வைத்திருக்கிறாள். பசங்க வெளியே எட்டிப்பார்க்கத் துடிக்கிறார்கள். விதைக்கு வைத்ததை அரைத்துத் தின்னக் கூடாது என்பதுதான் அந்தப் படத்தின் தலைப்பு சொல்லும் பொருள். எந்தப் பஞ்சத்திலும் விதைநெல்லில் கை வைக்கக் கூடாது என்று நினைக்கும் நமக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை. 1914-ல் அனுப்பி வைத்த கை, இந்த முறை யாரையும் வெளியே விடவில்லை. 1945 ஏப்ரல் 22-ம் தேதி, ஐரோப்பாவில் போர் முடிய இரண்டு வாரங்களே இருந்தபோது, கேத்தே இறந்தார்.

ஒட்டப் பசை இல்லாத கற்கள்

கிரானைட்டும் 18 வருடங்களும் எல்லாருக்கும் கிடைக்காது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே சொல்ல வேண்டியிருந்தால்?

சிரியாவில் நிஸார் அலி பதர் என்ற சிற்பி அதைச் செய்தார். லடாக்கியா என்ற கடற்கரை நகரத்துக்காரர். உள்நாட்டுப் போரில் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டுப் போவதைப் பார்த்தார். தன் ஊர்ப் பக்கம் கிடைக்கும் கூழாங்கற்களைப் பொறுக்கிவந்து, தரையில் பரப்பி, உருவங்கள் அமைத்தார். குழந்தையைத் தோளில் சுமக்கும் அப்பா, முதுகில் மூட்டையோடு குனிந்த அம்மா, வரிசையாக நடக்கும் குடும்பங்கள். கற்களை வெட்டவில்லை, செதுக்கவில்லை. ஒரு உருண்டைக் கல் தலையாகும். ஒரு நீளக் கல் வளைந்த முதுகாகும். அந்த முகங்களில் கண்ணும் கிடையாது, வாயும் கிடையாது. முதுகின் வளைவே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

கற்களை ஒட்டி நிரந்தரமாக்கும் வசதி அவருக்கு இல்லை. அதனால் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு, கலைத்துவிடுவார். அதே கற்களில் அடுத்த குடும்பம் நடக்க ஆரம்பிக்கும். அந்தப் படங்களை ஸ்க்ரோல் பண்ணும்போது பார்த்தவர்களில் ஒருவர், கனடாவைச் சேர்ந்த சிறுவர் நூல் எழுத்தாளர் மார்கிரீட் ரூர்ஸ். அவரைத் தேடிப்பிடித்து, அந்தக் கல் உருவங்களோடு அகதிக் குடும்பம் ஒன்றின் கதையைச் சொல்லும் 'ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ்' என்ற புத்தகத்தை ஆங்கிலத்திலும் அரபியிலுமாக 2016-ல் கொண்டுவந்தார்.

ஒருவர் கல் அசையவே அசையாது. இன்னொருவர் கல் மாலைக்குள் கலைந்துவிடும். ஆனால் இரண்டு பேரும் போரைக் காட்ட, போர்க்களத்தைத் தேடிப்போகவில்லை. தங்கள் கண் முன்னால் குனிந்த முதுகுகளைத்தான் காட்டினார்கள்.

அடுத்த முறை ஒரு சிலை முன்னால் நின்றால்...

செல்ஃபி எடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் இதைப் பாருங்கள். இங்கே யார் இருக்கிறார்கள், யார் இல்லை? உருவம் நிற்கிறதா, குனிகிறதா? நம்மை அண்ணாந்து பார்க்கவைக்கிறதா, நம் உயரத்துக்கு இறங்கி வருகிறதா? கைகள் என்ன செய்கின்றன? இந்த நாலு கேள்விகளிலேயே அந்தக் கல் யார் பக்கம் நிற்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாரையாவது இழந்த நண்பரிடம் நாலு மாதத்திலேயே 'இன்னுமா அதையே நினைச்சுட்டிருக்க? மூவ் ஆன் பண்ணு' என்று சொல்லிவிடுகிறோம். கேத்தே தொடங்கினார், மாற்றினார், தோற்றார், வருடக்கணக்கில் ஒதுக்கி வைத்தார், திரும்ப வந்தார். அந்த நண்பருக்கும் அவருடைய வேகம் இருக்கும். கொஞ்சம் விடுங்கள்.

1950-களில், பெல்ஜியத்தில் சிதறிக்கிடந்த ஜெர்மன் கல்லறைகளை ஒன்றுசேர்த்தபோது பீட்டரும் சிற்பங்களும் விளாட்ஸ்லோ என்ற இடத்துக்கு மாற்றப்பட்டனர். இப்போதும் அங்கேதான். 25,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே இருக்கிறார்கள். தரையோடு தரையாகப் பதித்த கற்கள், ஒவ்வொன்றிலும் 20 பெயர்கள். சிற்பத்துக்கு முன்னாலிருக்கும் அப்படி ஒரு கல்லில், மற்ற பெயர்களின் அளவிலேயே, பீட்டர் கோல்விட்ஸ் என்ற பெயரும் இருக்கிறது. குனிந்து தேடினால்தான் கண்ணில் படும்.